கல்யாண முருங்கைக் கம்பு

ஜூன் 9, ஞாயிறு
பிரஷர் 140/90

தினமும் காலையில் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வெறும் எண்ணை எழுதினால் நல்ல டைரி ஒன்று பாழாகிறதே என்று கூடவே நாலு வரி எழுதுகிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலத்தில் எழுதியிருந்தால் படிக்கவாவது ருசியாக இருந்திருக்கும். அப்போது ஊரார் கதையை ஹெட்ஃபோனில் கேட்கவே பொழுது சரியாக இருந்தது.

என் பிள்ளை மாறன் நேற்று சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிட்டான். கல்யாணம் முடிந்து இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. லீவு அவ்வளவுதானாம். மருமகள் இலக்கியாவுக்கு அங்கே தங்க பாஸ் கிடைக்கும்வரை அவள் இங்கே எங்களோடுதான் இருக்கப்போகிறாள். கார் கிளம்பும்போது அவள் அழவே இல்லை. நான்தான் முந்தானையை நனைத்துக்கொண்டு நின்றேன். தைரியமான பெண்.

கொல்லைக்குப் போய் அரசாணிக்காலைப் பார்த்துவிட்டு வந்தேன். மணவறைக்குப் பக்கத்தில் மஞ்சள் கயிறு கட்டி நட்டிருந்த கல்யாண முருங்கைக் கிளைதான் அது. மூன்றாம் நாள் இரண்டு பேருமாகச் சேர்ந்து பால் ஊற்றி அதைக் கொல்லையில் ஊன்றினார்கள். அது துளிர்த்தால் நட்டவர்கள் வாழ்க்கையும் துளிர்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பட்டுப்போனால் என்ன என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், என் நாத்தனார் மங்கையர்க்கரசியைத் தவிர.

"மேலத்தெரு ஜெயந்தி வீட்டுல நட்டது காஞ்சே போச்சு அண்ணி. ஆறே மாசம். பொண்ணு பொட்டியத் தூக்கிக்கிட்டு அப்பன் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு" என்றாள். காபியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். அதுவும் நான் போட்ட காபி.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. சாயங்காலம் இன்னொரு தடவை போய்ப் பார்த்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 13

துளிர்த்துவிட்டது! முள்ளுக்குப் பக்கத்தில் பச்சைப்பயறு அளவுக்கு இரண்டு மொட்டுகள். இவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பேப்பரை மடக்காமலே வந்து பார்த்துவிட்டு "ம்" என்றார். முப்பத்தைந்து வருஷமாக எல்லாவற்றுக்கும் அதே "ம்" தான்.

இலக்கியா காலேஜில் தாவரவியல் படித்தவள். "இது பொழைக்கிறது அதிசயமில்ல அத்தை. இது சாகுறதுதான் கஷ்டம். வேலி ஓரமா வெட்டிப் போட்ட கம்புகூட ஒரு மழை பேஞ்சா வேர் விட்டுரும்" என்றாள்.

எனக்குக் கேட்கவே இனிப்பாக இருந்தது. இன்னும் சொல்லு என்றேன். ஒரு காம்புக்கு மூன்று இலை வருமாம். அவரை, துவரைக்கெல்லாம் இது உறவாம். தான் நிற்கிற மண்ணுக்குத் தானே உரம் போட்டுக்கொள்ளுமாம். பனிக்காலம் முடியும்போது இலையெல்லாம் கொட்டிவிட்டு, மொட்டைக் கிளையில் சிவப்புச் சிவப்பாகப் பூக்கும். காக்காயும் மைனாவும் தேன் குடிக்க வந்து நாள் முழுக்கக் கத்தும். இவரும் தன் பங்குக்கு, அவங்க அப்பாவின் கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை இந்த மரத்தில்தான் ஏற்றிவிடுவார்கள் என்று சொன்னார். அடுப்புக்கும் ஆகாது, கதவுக்கும் ஆகாது, ஆனாலும் இது இல்லாமல் ஒரு கல்யாணம் இல்லை.

"பூக்கும்போது நீ சிங்கப்பூர்ல இருப்ப. போட்டோ எடுத்து அனுப்புறேன்" என்றேன். அவள் மண்ணைக் கையால் அணைத்துக்கொண்டே இருந்தாள். காதில் விழவில்லை போலிருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு
பிரஷர் 150/94

மாறன் போன் செய்தான். துளிர் விட்டதைச் சொன்னேன். "அப்படியாம்மா, சந்தோஷம்" என்றான். மாத்திரை போடுறியா, அப்பா நடக்குறாரா என்று கேட்டான். நானாகத்தான் "இந்தாடா, இலக்கியாகிட்ட பேசு" என்று கொடுத்தேன். அவள் "ம், சாப்ட்டேன்... ம்... சரி" என்று சொல்லிவிட்டுத் திருப்பித் தந்தாள். நாங்கள் பக்கத்தில் இருந்தால் சின்னஞ்சிறுசுகள் என்ன பேசும்?

அவன் பேசும்போது பின்னால் ஒரு குழந்தை கூப்பிட்டது. இரண்டு தடவை. உடனே அவன் குரலைத் தணித்துக்கொண்டு, "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிட்டான். டிவியாக இருக்கும். அங்கேயும் தமிழ் சேனல் இருக்கிறதே.

கல்யாணத்துக்குப் பிறகு இங்கிருந்த பத்து நாளும் அவன் மொட்டைமாடியில்தான் படுத்தான். அக்னி நட்சத்திரத்துப் புழுக்கம் இன்னும் அடங்கவில்லை என்றான். உண்மைதான், நல்ல புழுக்கம்.

ஜூன் 19

கடைத்தெருக் கீரைக்காரியிடம் சொல்லி வைத்து ஒரு கட்டு கல்யாண முருங்கை இலை வாங்கினேன். பச்சரிசியோடு மிளகு, சீரகம் சேர்த்து அரைத்துப் பெரிய பெரிய அடையாகத் தட்டினேன். சளிக்கு நல்லது என்று இவருக்குக் கொடுத்தேன். இலக்கியாவுக்குக் கர்ப்பப்பைக்கு நல்லது என்று கொடுத்தேன். எனக்குக் கல்யாணமான புதிதில் என் மாமியார் வாரம் ஒரு நாள் இதைச் செய்து போட்டு, நான் முழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு மங்கை வந்து சேர்ந்தாள். "புருஷன் அக்கரையில இருக்கான். இவ இங்க இலையத் தின்னு என்னண்ணி ஆகப்போவுது?" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இலக்கியா தட்டோடு எழுந்து போய்க் கை கழுவினாள். அடை பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கசப்பு பிடிக்கவில்லை போலும். அடுத்த தடவை வெங்காயம் கூடப் போட வேண்டும்.

ஒன்றை எழுதியே ஆக வேண்டும். இரண்டு நாளாகக் குக்கரை ஓரம் கட்டிவிட்டு அவள் பானையில் சோறு வடிக்கிறாள். "மாமாவுக்கு சுகர் இருக்குல்ல அத்தை, கஞ்சிய வடிச்ச சோறுதான் நல்லது" என்கிறாள். இந்தக் காலத்தில் யாருக்கு வரும் இந்த அக்கறை?

ஜூன் 21
பிரஷர் 154/96

துளிர் கறுத்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

மொட்டு இரண்டும் விரல் பட்டதும் உதிர்ந்தன. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். அடியில் பழுப்பாக இருந்தது. தண்ணீர் அதிகமாகி அழுகியிருக்கும் என்கிறார் இவர். ஊற்றியது நான்தான். காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. அது அதிகமா?

"ஒரு குட்டிக் குளவி இருக்கு அத்தை. இந்த மரத்து இலையிலதான் முட்ட வைக்கும். அதுவா இருக்கலாம்" என்றாள் இலக்கியா. குளவி வந்தால் இலை எப்படி ஆகும் என்று கேட்டேன். முடிச்சு முடிச்சாக வீங்கும் என்றாள். இதில் எந்த வீக்கமும் இல்லை. சொன்னவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கும் வருத்தம் இருக்காதா?

மாறன் இன்று போன் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் டியூட்டி போடுகிறார்கள் பாவிகள்.

மங்கை நாளைக்கு வருகிறாள். அவள் கண்ணில் இது பட்டால் சாயங்காலத்துக்குள் மன்னார்குடி முழுக்கத் தெரிந்துவிடும்.

ஜூன் 24

காலையிலேயே கட்டைப்பையை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். அங்கே ஒரு வேலி முழுக்கக் கல்யாண முருங்கைதான். அதே பருமனில், ஏற்கெனவே முளை கட்டியிருந்த கிளையாகப் பார்த்து ஒடித்தேன். உள்ளங்கையில் முள் ஏறியது. வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் அடைக்கு இலை என்றேன். இலையே இல்லாத கம்பு பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

இவர் பென்ஷன் ஆபீஸ் போயிருந்தார். இலக்கியா குளித்துக்கொண்டிருந்தாள். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை ஊன்றி, மஞ்சள் கயிற்றை மாற்றிக் கட்டினேன். இந்த வயதில் திருட்டுத்தனம் செய்ய எவ்வளவு மூச்சு வாங்குகிறது!

மங்கை வந்தாள், கொல்லைக்குப் போனாள், முளையைப் பார்த்தாள். "பரவால்லியே" என்றாள். ஏமாந்தது மாதிரி எனக்குப் பட்டது.

துணி காயப்போட வந்த இலக்கியா அந்தக் கம்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு கம்பு என்று தெரிந்திருக்குமோ? படித்த பெண்.

ஜூலை 2
பிரஷர் 148/92

முளை விரிந்து மூன்று இலையாகிவிட்டது. நெஞ்சில் வைத்த பாறாங்கல்லை எடுத்தது மாதிரி இருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்கினேன். சிங்கப்பூருக்கு அனுப்ப ஊறுகாய் போடலாம் என்று எலுமிச்சை வாங்கினேன். "பாஸ் எப்ப வரும்னு மாறன் சொன்னானா?" என்று இலக்கியாவிடம் கேட்டேன். "நீங்களே கேளுங்க அத்தை" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 5
பிரஷர் 164/100

இதுவும் போய்விட்டது. நேற்று மத்தியானம்வரை பச்சையாக இருந்த இலை, இன்று வெந்த கீரையாகத் தொங்குகிறது. கம்பைச் சுற்றி மண்ணில் வெள்ளையாக ஆடை படிந்து வெடித்திருக்கிறது. எறும்பு சாரை சாரையாக வந்திருக்கிறது. ஒன்றிரண்டு சோற்றுப் பருக்கையும் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எச்சில் தட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் உதறுகிறார்கள். கேட்டுவிட வேண்டும்.

கேட்கவில்லை. சுவர் அந்தக் கம்பிலிருந்து தூரத்தில் இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

மாறன் போன் செய்தான். பாஸ் பற்றிக் கேட்டேன். "கொஞ்சம் லேட்டாகும்மா. இப்ப ரூல் மாத்திட்டாங்க" என்றான். அதைச் சொல்வதற்கு முன்னால் மூச்சை உள்ளே இழுத்தான்.

எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். ஆள் ஊரில் இல்லை என்று பொய் சொல்லச் சொல்பவன், பணம் அனுப்பிவிட்டேன் என்று புளுகுபவன் எல்லாரும் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு மூச்சு இழுப்பார்கள். ஆனால் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே சைனஸ் உண்டு.

பின்னால் டிவி சத்தம் இன்றைக்கும் கேட்டது.

ஜூலை 8

மூன்றாவது கம்பு. இந்தத் தடவை இவர் பார்த்துவிட்டார். கடப்பாரையோடு நான் குனிந்திருக்கும்போது பின்னால் வந்து நின்றார்.

"எத்தன கம்புதான் நடுவ கோதை?"

"துளிர்க்கிற வரைக்கும் நடுவேன். ஒங்களுக்கென்ன?"

அவர் "ம்" என்று சொல்லவில்லை. கடப்பாரையை என் கையிலிருந்து வாங்கிக் குழியை இன்னும் ஆழமாகத் தோண்டிக் கொடுத்தார். "அந்தப் பொண்ணு ராத்திரியில தூங்குறதே இல்ல. நான் எழுந்திருக்கும்போதெல்லாம் லைட் எரியுது" என்றார். புது இடம், தூக்கம் வராதுதான் என்றேன்.

ஆடி பிறக்கப்போகிறது. ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கப்படி 16ஆம் தேதி சம்பந்தி வருகிறார். அவர் வரும்போது கொல்லையில் செத்த குச்சி நிற்கக் கூடாது. பட்டுப்போனதைப் பார்த்துவிட்டால் ஆவணியில் பெண்ணைத் திருப்பி அனுப்ப யோசிப்பார். அவள் போய் வராமலேயே இருந்துவிட்டால்? என்னால் அதை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரே பிள்ளை வீட்டில் ஒரே மருமகள். அவள் வந்த பிறகுதான் இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே கேட்கிறது.

ஜூலை 12
பிரஷர் 160/98

மூன்று இடத்தில் துளிர். சமையற்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பு தெரிகிற மாதிரி, மறைத்துக்கொண்டிருந்த குடத்தை நகர்த்தி வைத்திருக்கிறேன். காவல் காக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளலாம். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜூலை 13, சனி

மத்தியானச் சமையல் நேரம். நான் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வாசல்வரை போனேன். குடை எடுக்கவில்லை என்று திரும்பினேன். குடை அவசியமே இல்லை.

இலக்கியா கொல்லையில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் பிடிதுணி, கஞ்சி வடித்த சட்டி, ஆவி பறக்கிறது. கம்பின் அடியில் சாய்க்கப் போனாள். "இலக்கியா!" என்று கத்திவிட்டேன். அவள் திடுக்கிட்டுத் திரும்பியதில் கொதிக்கிற கஞ்சி அவள் பாதத்திலேயே கொட்டியது.

குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பாதம் சிவந்து போயிற்று. அவள் வலியில் கத்தவில்லை, அழவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்ணுன? இது பட்டுப்போனா ஊரு ஒன்னத்தானே சொல்லும்? ராசியில்லாதவன்னு ஒன்னத்தானே பேசும்?"

"பேசட்டும் அத்தை. அது பரவால்ல. பட்டுப்போச்சுன்னா நீங்களே பயந்துக்கிட்டு என்னைய அனுப்பி வச்சிருவீங்கன்னு நெனச்சேன். காரணம் யாரும் கேக்க மாட்டாங்கல்ல."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவளே சொன்னாள். கம்பு நட்ட அன்றைக்கே மாறன் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அங்கே ஒரு பெண் இருக்கிறாள். நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரு குழந்தையும் இருக்கிறது. அம்மா செத்துப்போவேன் என்று மிரட்டியதால்தான் தாலி கட்டினேன் என்றானாம்.

மிரட்டினேன்தான். முப்பத்திரண்டு வயதாகியும் பிடி கொடுக்காத பிள்ளையை எந்தத் தாய்தான் மிரட்டாமல் இருப்பாள்?

"எங்கிட்ட சொல்றதுக்கென்னம்மா?"

"ஒங்களுக்கு பிரஷர் ஜாஸ்தின்னாங்க. சொன்னா அம்மா தாங்க மாட்டாங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா அதுக்கு நீதான் பொறுப்புன்னு சொல்லிட்டுப் போனாங்க."

இத்தனை நாளும் இந்தச் சின்னப் பெண் என் உயிரைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள். நான் அவளுக்கு அடை தட்டிப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

மாறன் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. இவர் எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன்.

ஜூலை 15

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடக்கி வைத்தார். பிறகு, "அப்ப நாளைக்கு சம்பந்திகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டார். ஆடிக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பிவிட்டு அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாமா என்றார். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. பொறுத்துச் சொன்னால் நம் மானம் கொஞ்ச நாளைக்குத் தப்பும். அவள்தான் இன்னும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். பிள்ளையின் மானமும் என் கண்ணில் வந்து நிற்கிறது. பெற்றவள் இல்லையா? முடிவுக்கு வர முடியாமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தேய்த்ததையே திரும்பவும் தேய்த்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

சம்பந்தி வந்தார். பழம், பூ, பட்டுப்புடவை வைத்த தட்டோடு வந்தார். இலக்கியாவின் பாதத்தில் போட்டிருந்த கட்டைப் பார்த்துப் பதறினார். கஞ்சி கொட்டிவிட்டது என்றாள். பொய் இல்லை.

மங்கை அழைக்காமலே வந்திருந்தாள். வந்தவள் நேரே கொல்லைக்குப் போனாள். அங்கிருந்தே எங்களைக் கூப்பிட்டாள். துளிரெல்லாம் இலையாகி, கம்பு பச்சைப்பசேல் என்று நிற்கிறது. "வாங்கய்யா, வந்து பாருங்க! எப்படித் தழைச்சு நிக்குதுன்னு பாருங்க! ஒங்க பொண்ணு ராசி" என்று குலவையே போட்டுவிட்டாள். சம்பந்தி கம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மனசு நெறஞ்சு போச்சுங்க. ஆவணி பொறந்ததும் நானே கொண்டாந்து விட்டுர்றேன்" என்றார்.

இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். நேற்று முழுவதும் வராத முடிவு அப்போதுதான் வந்தது.

"கொண்டாந்து விட வேணாங்கய்யா" என்றேன். "ஒங்க பொண்ணு ராசியில ஒரு கொறையும் இல்ல. கம்பு தழைச்சுத்தான் இருக்கு. எம்புள்ள குடும்பமும் தழைச்சுத்தான் இருக்கு. ஆனா இங்க இல்ல. சிங்கப்பூர்ல. பொண்டாட்டி இருக்கா, புள்ள இருக்கு. ஒங்க பொண்ணு எம் பிரஷருக்குப் பயந்துக்கிட்டு இத்தன நாளா சொல்லாம கெடந்திருக்கு."

மங்கை வாயில் கை வைத்தாள். அவள் வாயடைத்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. சம்பந்தி என்னைப் பார்த்துக் கையை ஓங்கினார். ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தன் தலையில் அடித்துக்கொண்டார். "தெரிஞ்சே கட்டி வச்சீங்களா?" என்று கத்தினார். தெரியாது என்று இவர் சொன்னார். நான் சொன்னேன், "கல்யாணத்தப்ப தெரியாது. அப்புறம் போன்ல அந்தப் புள்ள அப்பான்னு கூப்ட்டது எங்காதுல விழுந்துச்சு. டிவின்னு நெனச்சுக்கிட்டேன்" என்று. சொல்லிவிட்டு, "டிவின்னு எழுதிக்கிட்டேன்" என்றேன். அது யாருக்கும் புரியவில்லை.

அவள் கொண்டுவந்த எல்லாவற்றையும் நானும் இவருமாக எடுத்து வைத்தோம். குக்கரைக்கூடத் துடைத்துப் பெட்டியில் போட்டேன். சம்பந்தி அதற்குப் பிறகு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. காரில் ஏறுவதற்கு முன் இலக்கியா நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள். "மாத்திரைய மறந்துராதீங்க அத்தை" என்றாள். வந்த நாளிலிருந்து அழாதவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். கட்டிக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளாகத்தான் என் தோளில் சாய்ந்தாள்.

கார் போன பிறகு மாறனுக்கு நானே போன் போட்டேன். "என்னம்மா, ஞாயித்துக்கிழமை எடுக்கவே இல்ல?" என்று பதறினான். திட்டுவதற்கு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். கேட்டது இதுதான்.

"அந்தப் புள்ள பேரு என்னடா?"

வெறும் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சொன்னான். பெண் குழந்தை. நான் போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பெயரை எழுத இன்றைக்குக் கை வரவில்லை. இலக்கியா வீடு போய்ச் சேர்ந்தாளா என்று இன்னும் ஒரு தகவலும் இல்லை.